கருத்து யாருடையது? அடி யாருக்கு?



ஞாயிற்றுக்கிழமை மாலை கொல்லயில் பக்கம் எந்தச் சாயாக்கடையில் போய் உட்கார்ந்தாலும் மூன்று பேச்சு காதில் விழும். ஒன்று சினிமா. இரண்டு அரசியல். மூன்றாவது, கைப்பேசியில் புதிதாக என்ன வித்தை வந்திருக்கிறது என்பது. ஆறு நாள் சாந்துச் சட்டியோடு கழிந்த உடம்புக்கு ஏழாம் நாள் ஒரு கட்டன் சாயாவும் நாலு கருத்தும் வேண்டியிருக்கிறது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. கூலிக்காரனுக்கு அபிப்பிராயம் எதற்கு என்று எவராவது கேட்டால், அவரோடு சண்டைக்குப் போகிற முதல் ஆள் நம் சங்கமாகத்தான் இருக்கும்.

ஆனாலும் இந்த மாதத் தலையங்கத்தை அந்தச் சாயாக்கடைப் பேச்சைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது. காரணம் வெளியில் இல்லை. தவறு செய்தது நாம்.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படத்துண்டு வந்தது. ஒரு நிமிடம்கூட ஓடாது. ஒரு மனிதனைத் தெருவில் போட்டு நாலைந்து பேர் அடிக்கிறார்கள். கேரளத்தில் தமிழ்த் தொழிலாளிக்கு நடந்த கொடுமை, எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று மேலே தமிழில் ஒரு வாசகம். அனுப்பியவர் வெளியார் அல்ல, நம் நிர்வாகிகளில் ஒருவர். அதை வாங்கி மேலும் மூன்று குழுக்களுக்குத் தள்ளிவிட்டது, இந்தத் தலையங்கத்தை எழுதுகிற நாமேதான்.

மத்தியானத்துக்குள் அது சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தாயின் கைக்குப் போய்விட்டது. அவர் மகன் அமரவிளையில் ஒரு கட்டட வேலையில் கையாளாக இருந்தான். அம்மா போனில் அழுத அழுகையில் அவன் மேஸ்திரியிடம்கூடச் சொல்லாமல் வண்டி ஏறினான். ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது அவன் இடத்தில் வேறு ஆள் செங்கல் சுமந்துகொண்டிருந்தான். நான்கு நாள் கூலியும் போயிற்று, வேலையும் போயிற்று.

அன்று சாயங்காலமே உறுப்பினர் ஒருவரின் மகள், பத்தாம் வகுப்பு படிக்கிறவள், அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மாமா, பின்னால இருக்கிற கடை போர்டைப் பாருங்க. அது மலையாளம் இல்ல, தெலுங்கு.”

தமிழும் மலையாளமும் சேர்த்துப் படிக்கிற எல்லை ஊர்க்காரர்கள் நாம். அடிபட்டவனைப் பார்த்த கண் பலகையைப் பார்க்கவில்லை. அந்த இளைஞனின் நான்கு நாள் கூலியைச் சங்க நிதியிலிருந்து எடுக்காமல், படத்தை அனுப்பிய இரண்டு பேரும் சொந்தப் பையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்தது. கொடுத்தாயிற்று. போன வேலையைத் திருப்பிக் கொடுக்க நம்மிடம் வழி இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடந்த சின்ன விஷயம் என்று விட்டுவிடலாமா? கூடாது. இதன் பெரிய உருவங்களை நாடு பார்த்திருக்கிறது.

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அசாமில் நடந்த கலவரத்தைக் காரணம் காட்டி, பெங்களூரில் இருக்கும் வடகிழக்கு மாநிலத்தவர்கள் தாக்கப்படப் போகிறார்கள் என்று கைப்பேசிகளில் குறுஞ்செய்தி பரவியது. ஓட்டலில் தட்டுக் கழுவியவரும், காவல் வேலை பார்த்தவரும், கல்லூரியில் படித்தவரும் ஆயிரக்கணக்கில் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். குவஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று. ஒருவர் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பக்கூடாது என்று மத்திய அரசு 15 நாட்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. அப்போது வாட்ஸ்அப் நம் சனங்களிடையே பரவாத காலம். வெறும் எழுத்துக்கே அந்த ஓட்டம் என்றால், படமும் குரலும் சேர்ந்தால் எப்படி இருக்கும்!

டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்காருகிற நமக்கு ஒன்று தெரியும். ஊருக்குப் போகிறவன் எந்த வண்டி, எத்தனை மணிக்கு, உட்கார இடம் கிடைக்குமா என்று கேட்பான். ஓடுகிறவன் “அடுத்த வண்டி” என்று மட்டும் சொல்வான். சம்பளம் வாங்கினானா, பாத்திரம் பண்டத்தை எடுத்தானா, பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழை வாங்கினானா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் வராது.

அடுத்தது 2016 செப்டம்பர். காவிரியில் தண்ணீர் விடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கர்நாடகத்தில் நடந்த போராட்டத்தில் கன்னட நடிகர்களும் கலந்துகொண்டார்கள். பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் மாணவர் அந்த நடிகர்களைக் கேலி செய்து முகநூலில் எதையோ எழுதினார். சாயாக்கடையில் நாம் தினமும் சொல்கிற மாதிரி ஒரு கருத்து, அவ்வளவுதான். அவரைப் பிடித்து அடித்து மன்னிப்புக் கேட்க வைத்து, அதையும் படமாக எடுத்துப் பரப்பினார்கள். அந்தப் படம் தமிழ்நாட்டுக்கு வந்தது. ராமேசுவரத்தில் கர்நாடகத்துக்காரரான ஓட்டுநர் ஒருவர் அடிபட்டார். அந்தப் படம் பெங்களூருக்குப் போனது. செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் பேருந்துகள் 40க்கும் மேல் ஒரே இடத்தில் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போயிற்று. நடிகர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காவிரியில் அதனால் ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்று இரவு பெங்களூர்த் தமிழன் தன் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது, தமிழ்நாட்டுக்கே வந்த தலைகுனிவு. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வடநாட்டில் படங்கள் பரவின. அப்போது தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு, நம் பக்கத்துக் குழித்துறைக்காரர், தாமே பேசிப் படம் வெளியிட்டு மறுத்தார். பரவிய படங்களில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர் இருவருக்கிடையே நடந்த சண்டை என்று விளக்கினார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. அதற்குள் திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். அந்தப் பொய்யைப் பகிர்ந்தவர்களில் ஓர் அரசியல் கட்சியின் பேச்சாளரும் இருந்தார். அவர் வழக்கறிஞரும்கூட. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது.

மூன்று சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொழி வேறு, மாநிலம் வேறு, கட்சி வேறு. ஒன்று மட்டும் மாறவில்லை. கருத்துச் சொன்னவன் சொந்த ஊரில் பத்திரமாக இருந்தான். அடியோ ஓட்டமோ, பிழைக்கப் போன ஊரில் இருந்தவனுக்குத்தான் வந்தது. 2016இல் கருத்துச் சொன்னவனும் அடிபட்டான் என்றால், அவனும் வேற்றூரில் இருந்தவன் என்பதால்தான்.

“அப்படியானால் எல்லாமே வதந்தியா? நமக்கு நிஜமாக அடி விழுந்ததே இல்லையா?” என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விழுந்திருக்கிறது. 2011 நவம்பரில் ‘டேம் 999’ என்ற படம் வந்தது. அணை உடைகிற கதை. தமிழ்நாட்டு அரசு அதற்குத் தடை விதித்தது. இடுக்கியில் அந்த ஆண்டு நில அதிர்வுகள் வேறு. முல்லைப் பெரியாறு உடையும் என்று ஒரு பக்கமும், தண்ணீரைப் பறிக்கிறார்கள் என்று மறு பக்கமும் பேச்சு முற்றியது. டிசம்பரில் இடுக்கியின் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பெண்களும் பிள்ளைகளுமாக மலை இறங்கித் தேனிப் பக்கம் ஓடினார்கள். தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. 1895இல் கட்டி முடித்த அணை அப்படியே நின்றது. 2014 மே 7 அன்று 142 அடிவரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. வழக்கு நீதிமன்றத்தில் தீர்ந்தது. ஏலக்காய் பறித்தவளுக்கு அந்த டிசம்பர் மாதக் கூலி தீரவில்லை.

அடி நிஜமானது என்பதனாலேயே பொய்யை நாம் இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டும். பத்துப் பொய்ப் படத்தை நாம் அனுப்பினால், பதினொன்றாவதாக நிஜமாகவே அடிபட்டு வருகிற தொழிலாளியின் படத்தைக் காட்டும்போது போலீஸ்காரர் என்ன சொல்வார்? “இதுவும் அந்த மாதிரிதானே” என்பார். பொய் நம்மைப் பயமுறுத்துவதோடு நிற்பதில்லை. நம் நிஜமான புகாரையும் அது விலையில்லாமல் ஆக்கிவிடுகிறது.

இப்போது சாயாக்கடையின் மூன்றாவது பேச்சுக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவு என்ற சொல் நம் பிள்ளைகள் வாயில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதம், 2016இல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் அவர் கட்சி ஒரு பேச்சை வெளியிட்டது. விஜயகாந்த் மறைந்து ஓராண்டு ஆவதற்குள், 2024 செப்டம்பரில் வந்த விஜய் படத்தில் அவர் முகம் வந்தது. ‘லால் சலாம்’ படப் பாட்டில் மறைந்த இரண்டு பாடகர்களின் குரலை ஏ.ஆர்.ரகுமான் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அது மரியாதை. 2025 ஆகஸ்டில் ‘அம்பிகாபதி’ என்ற பழைய படத்தின் முடிவையே மாற்றி, செத்த கதாநாயகனைப் பிழைக்க வைத்துத் திரும்ப வெளியிட்டார்கள். நடித்த தனுஷே அதை எதிர்த்தார்.

நம் ஆட்கள் இதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று வாதம் செய்கிறார்கள். வாதம் செய்யட்டும். ஆனால் செத்தவர் வாயில் சொல்லை வைக்கத் தெரிந்தவனுக்கு, உயிரோடு இருக்கிறவர் வாயில் வைக்கத் தெரியாதா? 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் இது நடந்தது. ஓய்வு பெற்ற ஒருவருக்குப் பழைய சகாவின் முகத்தோடும் குரலோடும் வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. உறவினரின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்றது அந்த முகம். 40,000 ரூபாய் போயிற்று. முகமும் குரலும் இரண்டுமே செய்யப்பட்டவை.

பிழைக்க வந்த குடும்பங்களுக்கு இது வேறு யாரையும்விட அதிகமாகச் சுடும். நம் உறவே குரலில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள் கேசட்டில் பேசிப் பதிவு செய்து ஊருக்கு அனுப்பினார்கள். எழுத்துத் தெரியாத தாய் மகன் குரலைக் கேட்டு அழுதாள். அந்தக் குரலை அவள் சந்தேகப்பட்டதில்லை. இன்று துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வருகிற “அம்மா, பணம் அனுப்பு, ஆபத்தில் இருக்கிறேன்” என்ற குரலைச் சந்தேகப்பட வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வீட்டுச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன பசுவின் பெயரோ, பாட்டி கூப்பிட்ட செல்லப் பெயரோ, வெளியாருக்குத் தெரியாத எதுவும் ஆகும். அவசரமாகப் பணம் கேட்கிற குரலிடம் அதைக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுக்க வழி உண்டு.

இனி, படம் வந்தால் என்ன செய்வது? செயற்குழு கூடி மூன்று காரியம் முடிவு செய்திருக்கிறது.

முதலாவது, பலகையைப் பார். வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார். கேரளம் என்று எழுதியிருக்கிற படத்தில் வேறு மாநிலத்து எழுத்து இருந்தால் அங்கேயே நிறுத்து. எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத படம் நம் குழுவில் ஏறாது. ஏற்றுகிறவர் நிர்வாகியாக இருந்தாலும், இந்தப் பத்திரிகையை எழுதுகிறவராக இருந்தாலும், ஒரு மாதம் குழுவிலிருந்து விலக்கி வைக்கப்படுவார்.

இரண்டாவது, அங்கே இருக்கிற நம் ஆளைக் கேள். பெரிய பத்திரிகைகளுக்கு மாவட்டத்துக்குச் சில நிருபர்கள்தான். நமக்கோ மூணாறில் மைத்துனன், பெங்களூரில் அண்ணன் மகன், திருப்பூரில் சின்னம்மா வீடு, மஸ்கட்டில் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார்கள். வதந்தி ஓடுகிற ஊரில் எல்லாம் நம்மவர் ஒருவர் இருக்கிறார். ஒரு போன் போட்டு “அங்கே என்ன விசேஷம்?” என்று கேட்டால் முடிந்தது. அந்த செவ்வாய்க்கிழமை காலையில் நாம் அதைக்கூடச் செய்யவில்லை.

மூன்றாவது, நிஜம் என்று தெரிந்தால் பரப்பாதே, கொண்டு வா. அடிபட்டவரின் பெயர், இடம், நேரம், சாட்சி எல்லாவற்றையும் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். கூடவே காவல் நிலையத்துக்கு வர நாம் தயார். ஆயிரம் கைப்பேசியில் சுற்றுகிற படத்தைவிட, ரசீது வாங்கிய ஒரு புகார் மனுவுக்குப் பலம் அதிகம்.

அரசுகளிடமும் ஒன்று கேட்கிறோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முல்லைப் பெரியாறு உடைந்துவிட்டது என்ற பொய் கைப்பேசிகளில் ஓடியது. அப்படிப்பட்ட நேரத்தில் மறுப்பும் எச்சரிக்கையும் மலையாளத்தில் மட்டும் வந்தால், மலையாளம் வாசிக்கத் தெரியாத தமிழ்த் தாய் எதை நம்புவாள்? பொய் தமிழில் வருகிறது, உண்மை மட்டும் ஏன் தமிழில் வரக்கூடாது? தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களில் காவல்துறை, பேரிடர் அறிவிப்புகளைத் தமிழிலும் தர வேண்டும் என்று, தமிழிலேயே மனு எழுதி, அடுத்த மாதம் கையெழுத்து வாங்க வருகிறோம். வீட்டில் இருங்கள்.

கடைசியாக, கசப்பான ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று கோடு கிழித்தார்கள். களியக்காவிளை அந்தப் பக்கம், பாறசாலை இந்தப் பக்கம். கோட்டைத் தாண்டிப் பிழைக்க வந்த நம்மை ‘பாண்டி’ என்று சிலர் கூப்பிட்டபோது நமக்கு எவ்வளவு வலித்தது! இன்று அதே சாயாக்கடையில், நமக்குப் பிறகு வந்த வங்காளத் தொழிலாளியையும் அசாம்காரரையும் பற்றி நம் வாயில் என்ன கருத்து வருகிறது? திருட்டு நடந்தால் முதலில் யாரைக் கைகாட்டுகிறோம்? அவர்களைப் பற்றி வருகிற படத்தை எத்தனை வேகமாக அனுப்புகிறோம்? அவருக்கும் எங்கோ ஓர் ஊரில் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் இருக்கிறாள் என்பதை மறந்தால், நம் சங்கப் பலகையைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

சினிமா பேசுங்கள். 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தைத் தமிழ்நாடு கொண்டாடியதே, கொடைக்கானல் குழியில் விழுந்த மலையாள இளைஞனுக்காகத் தமிழர்கள் தியேட்டரில் அழுதார்களே, அதைப் பேசுங்கள். அரசியல் பேசுங்கள், நன்றாகச் சண்டை போட்டே பேசுங்கள். சாயாக்கடையில் சொன்ன கருத்து கிளாஸ் கழுவும்போது போய்விடும். எதிரில் இருப்பவன் மறுத்தும் பேசுவான். கைப்பேசியில் அனுப்பியது அப்படிப் போகாது. நமக்குத் தெரியாத ஊரில், நமக்குத் தெரியாத ஒருவன் டிக்கெட் கவுண்டரில் வந்து “அடுத்த வண்டி” என்று கேட்கிறவரை அது போய்க்கொண்டே இருக்கும்.

வேலையை இழந்த அந்த இளைஞனுக்கு உதியன்குளங்கரைப் பக்கம் வேலை இருந்தால் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். அவன் நம்மிடம் கோபப்படவில்லை. “அண்ணாச்சி, நீங்க நல்லதுக்குத்தானே அனுப்பினீங்க” என்றான். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.